சுவர் ஏறும் பழக்கம்: ஷூ வாங்கலாமா, பழைய ஹார்னஸ் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். 2 மாதமாக வாரம் 2 நாள் உள்ளரங்கில் சுவர் ஏறப் பழகுகிறேன். ஷூ வாடகை ஒவ்வொரு முறையும் 100 ரூபாய். சொந்தமாக வாங்கினால் 5,000 ரூபாய் ஆகும். தெரிந்த நண்பர் தன் பழைய ஹார்னஸை (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பாதுகாப்புப் பட்டை) 1,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஜிம்மில் நல்ல தள்ளுபடியும் உண்டாம். எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: ஷூ வாங்குங்கள். ஹார்னஸ் வேண்டாம். சந்தாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

நீங்கள் போகிற கணக்குக்கு 6 மாதத்தில் வாடகையே 5,000 ரூபாயைத் தொட்டுவிடும். ஆனால் பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை வாடகை ஷூவைக் கையில் எடுத்து, கட்டைவிரல் படும் முனையைத் தடவிப் பாருங்கள். பலபேர் போட்டு ரப்பர் விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும். சுவரில் பதித்த அரை அங்குலப் பிடியில் நிற்க அந்த விளிம்புதான் வேண்டும். அது இல்லாவிட்டால் கால் நழுவும், பாரம் முழுக்கக் கைக்கு ஏறும். "எனக்குக் கையில் பலம் போதவில்லை" என்று புதியவர்கள் வருந்துவதற்குப் பல நேரம் காரணம் கால்தான்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் லேசாக வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. சாக்ஸ் இல்லாமல் போட்டு எழுந்து நில்லுங்கள். விரல்கள் முன்பக்கத்தைத் தொட்டுச் சற்று மடங்கலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. குதிகாலில் இடைவெளி இருக்கவே கூடாது. அப்புறம் ஒரு படிக்கட்டு விளிம்பில் முன்காலை மட்டும் வைத்து உடம்பை ஏற்றிப் பாருங்கள். சுரீரென்று வலித்தால் அது உங்கள் ஷூ இல்லை.

"போகப் போக இளகிவிடும்" என்று விற்பனையாளர் சொன்னால், தோலா, செயற்கைத் துணியா என்று கேளுங்கள். உள்துணி வைக்காத தோல் நன்றாகவே இளகும். செயற்கைத் துணி பெரிதாக இளகாது, அதை நம்பிச் சின்ன அளவு வாங்காதீர்கள். முதல் ஜோடிக்குத் தட்டையான அடி, வெல்க்ரோ பட்டை போதும். வாழைப்பழம் போல வளைந்த விலை உயர்ந்த ஷூவை இப்போது வாங்க வேண்டாம். பழகும் காலத்தில் எல்லோரும் கால் நுனியைச் சுவரில் தேய்த்துக்கொண்டே ஏறுவார்கள், முனை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பிடி வழுக்காமல் இருக்கக் கைக்குப் போடும் பவுடர் மக்னீசியம் கார்பனேட். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் அதற்கு மாற்று ஆகாது, பிடி இன்னும் வழுக்கும்.

ஹார்னஸ் விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன். நண்பர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டை இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று அவருக்கே நினைவிருக்காது. வெயிலில் காய்ந்த மொட்டைமாடியா, இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையா? பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், பாரம் ஏறும்போதுதான் அறுந்துவிடும். நன்றாக வைத்திருந்தாலும் ஆயுளுக்கு எல்லை உண்டு. துணி, பிளாஸ்டிக் பாகமுள்ள தன் பொருள்களுக்கு, ஏறும் கருவிகள் தயாரிக்கும் பெட்சல் நிறுவனம் தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 10 ஆண்டு என்கிறது. தயாரிப்பு ஆண்டு உள்பக்கச் சீட்டில் இருக்கும். சீட்டு கிழிந்திருந்தால் பேச்சே வேண்டாம்.

கயிறு கட்டி ஏறும் சுவர்களில் ஹார்னஸை வழக்கமாக ஜிம்மே தந்துவிடும். தாழ்வான சுவரில் கயிறில்லாமல் மெத்தைமேல் ஏறும் போல்டரிங் என்றால் அது தேவையே இல்லை. பின்னாளில் புதிதாக வாங்கும்போது இஎன் 12277 என்ற ஐரோப்பியத் தரக் குறியீட்டைப் பாருங்கள், அது ஏறும் ஹார்னஸுக்கானது. இணையத்தில் 'சேஃப்டி ஹார்னஸ்' என்று தேடினால் மலிவாக வருபவை பெரும்பாலும் கட்டட வேலைக்கானவை. ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தரக் குறியீடு போட்டிருந்தால் அது அந்த வகை, ஏறுவதற்கு உகந்தது அல்ல.

இனி சந்தா. ஒரு ஜிம்மில் நானே ஒரு வருடத்துக்குக் கட்டியிருக்கிறேன். மூன்றாம் மாதம் மோதிர விரலில் தசைநார் பிடித்துக்கொண்டது. 8 வாரம் தம்ளரைத் தூக்கவே வலித்தது. சந்தாவை நிறுத்திவைக்கக் கேட்டபோது "விதியில் இல்லை" என்றார்கள். தசை வேகமாக வலுப்பெறும், தசைநார் மெதுவாகத்தான் பழகும். முதல் வருடத்தில் இப்படிக் காயம் வந்து சில வாரம் உட்கார நேரலாம். அதனால் இப்போதைக்கு 10 முறை வந்து ஏறும் நுழைவு அட்டை மாதிரி எதையாவது வாங்குங்கள். வருடச் சந்தாதான் என்று முடிவு செய்தால், காயத்துக்கு எத்தனை நாள் நிறுத்தலாம், ஜிம் இடம் மாறினாலோ மூடினாலோ பணம் எப்படித் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த பதில்கூடப் பயன்படும்.

ஏற்கெனவே கட்டி மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஜிம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ரசீதையும் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.