வெளுத்ததெல்லாம் கட்டியா, டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு மூளையில் க்ளையோமா கட்டி. ஆபரேஷன் முடிந்து, மாத்திரையோடு ஆறு வாரம் ரேடியேஷனும் கொடுத்தார்கள். அது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் முன்பைவிட அதிகமாக வெள்ளை தெரிகிறது. "பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார் டாக்டர். காலையில் சொன்னதை இவர் மதியம் மறந்துவிடுகிறார். இதற்கிடையில், பக்கவிளைவு ஆராய்ச்சிக்காகக் கூடுதல் ஸ்கேன் எடுக்கச் சம்மதம் கேட்கிறார்கள். வாங்கிய கதிர் போதாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். எத்தனை முறை எடுத்தாலும் அவர் வாங்கிய கதிரின் அளவு ஏறாது. படத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி உண்டென்றால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மற்றபடி, அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்து 'டக டக' சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்த வெள்ளைக்கு வருவோம். அந்தக் கான்ட்ராஸ்ட் ஊசியில் போகும் கேடோலினியம் என்ற மருந்து, நல்ல நிலையில் இருக்கும் மூளைத் திசுவுக்குள் நுழையாது; அங்கே ரத்தக் குழாய்ச் சுவர் அவ்வளவு இறுக்கம். கட்டியில் முளைத்த புதுக் குழாய்கள் ஒழுகும். கதிர் பட்டுப் புண்ணான குழாய்களும் ஒழுகும். ஒழுகிய இடம் படத்தில் வெளுக்கும். ஏன் ஒழுகியது என்பது அந்த வெளுப்பில் எழுதியிருக்காது.

நானே இதில் சறுக்கியிருக்கிறேன். இதேபோல ஒருவரின் படத்தைப் பார்த்து, "கட்டி வளர்ந்திருக்கிறது" என்று ரிப்போர்ட் எழுதினேன். சிகிச்சை தந்த டாக்டர் என்னைவிட நிதானமானவர். மருந்தை மாற்றாமல் காத்திருந்தார். அடுத்த படத்தில் வெள்ளை பாதியாகச் சுருங்கியிருந்தது. இப்படிப் போக்குக் காட்டும் மாற்றம் ரேடியேஷன் முடிந்த முதல் மூன்று மாதத்தில் வருவது வழக்கம். மூளைக் கட்டி சிகிச்சைக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று மதிப்பிட 2010-ல் வெளியான ரானோ வழிகாட்டுதலே, முதல் 12 வாரத்தில் கதிர் பாய்ந்த பகுதிக்குள் வெள்ளை கூடினால், அதை மட்டும் வைத்துக் கட்டி வளர்ந்ததாக முடிவு கட்டக் கூடாது என்கிறது. அந்த இடத்தின் ரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ.யும் துணைக்கு உண்டு. கட்டியில் பொதுவாக ரத்தம் அதிகம், கதிரால் செத்த திசுவில் குறைவு. இரண்டும் கலந்து கிடந்தால்தான் சிக்கல். அப்போது சிலருக்குத் திசுவை எடுத்துப் பரிசோதிக்க வேண்டிவரும்.

இனி மறதி. கட்டி, ஆபரேஷன், மருந்து எல்லாமே அதற்குக் காரணமாகலாம். கதிரின் பங்கைச் சாதாரண ஸ்கேனில் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆராய்ச்சியில் வேறுவகைப் படம் எடுப்பார்கள். நரம்பு இழைக் கட்டுகளின் வழியே தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று அது காட்டும். இழையின் உறை சிதைந்தால், கரை உடைந்த வாய்க்கால்போல நீர் பக்கவாட்டில் பரவும். அந்தப் படத்தின்மேல் ரேடியேஷன் திட்ட வரைபடத்தைப் பொருத்தி, எந்த இடத்துக்கு எத்தனை கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர் போனது, அங்கே என்ன ஆனது என்று பார்ப்பார்கள். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் சுருங்குகிறதா என்றும் அளப்பார்கள். கூடவே ஒரு நினைவாற்றல் சோதனையும் இருக்கலாம்: 12 சொற்களை மூன்று முறை வாசித்துக் காட்டி, 20 நிமிடம் போனபின் கேட்பார்கள். அவர் தடுமாறினால் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்!

என்னைக் கேட்டால், அவருக்கும் இஷ்டம் என்றால் எடுக்கலாம். இதனால் இவருடைய மறதி உடனே சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலன் பெரும்பாலும் பின்னால் வருகிறவர்களுக்கு. பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாம்; வழக்கமான சிகிச்சைக்குப் பாதிப்பு வராது.

ஒரு விஷயம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையின் அளவைக் கூட்டியோ குறைத்தோ இருந்தால் ஸ்கேன் அறையில் கட்டாயம் சொல்லுங்கள். அது ஒழுக்கை அடைக்கும், வெள்ளையும் குறைந்து தெரியும், பார்க்கிறவர் ஏமாந்துபோவார். பழைய ஸ்கேன் படங்கள் உள்ள சிடிக்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். வலிப்பு, விடாத வாந்தி, கை கால் இழுப்பு எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.