அமெரிக்காவைப் போல இங்கிலாந்திலும் கறுப்பின மக்கள் பஸ் புறக்கணிப்பு நடத்தினார்களா?

நடத்தினார்கள், 1963-ல், பிரிஸ்டல் நகரில். ஆனால் அங்கே பிரச்சினை பஸ்ஸில் எங்கே உட்காருவது என்பதல்ல, வேலை. நகரின் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்காது. பணிமனையில் வேலை உண்டு, பஸ்ஸில் கிடையாது. அன்றைய சட்டப்படி இது குற்றமே இல்லை! தொழிற்சங்கமும் 1955-லேயே இதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டிருந்தது. எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

பால் ஸ்டீபன்சன் என்ற கறுப்பின இளைஞர் நலப் பணியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். கம்பெனிக்குப் போன் செய்து, வேலை காலி என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கை பெய்லி என்ற இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். அவர் ஜமைக்காக்காரர் என்று தெரிந்ததும் நேர்காணல் ரத்து. ஏப்ரல் 30-ல் புறக்கணிப்பு தொடங்கியது. கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன்கூட ஆதரவாகப் பேசினார். அப்போது அவர் லண்டனில் டிரினிடாட் ஹைகமிஷனர்.

ஆகஸ்ட் 28-ல் கம்பெனி இறங்கிவந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் ‘எனக்கொரு கனவு’ என்று பேசிய வாஷிங்டன் பேரணியும் அதே நாளில்தான். செப்டம்பரில் முதலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையரல்லாத கண்டக்டர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். அப்புறம், 1965-ல் வந்த இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேலைவாய்ப்பைத் தொடவில்லை. அதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.