தொட்டிப் புழுவை வயலில் விட்டால் நிற்குமா?

கேள்வி: உரத் தொட்டியிலிருந்து மண்புழுக்களை அள்ளி வயலில் விட்டேன். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் ஒன்றுகூட இல்லை. புழு வெட்டுப்பட்டால் இரண்டாகும் என்கிறார்களே, பெருகியிருக்க வேண்டாமா?

பதில்: தொட்டியில் வளர்க்கும் ஐசீனியா, யூட்ரிலஸ் போன்ற இனங்கள் சாணத்திலும் மக்கும் குப்பையிலும் வாழ்பவை. ஆழமாக மண்ணைக் குடைந்து இறங்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல், இலைதழை) இல்லாத வயலில் விட்டால் காய்ந்தோ பறவைக்கு இரையாகியோ போய்விடும். அவற்றைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு உரத்தை மட்டும் வயலுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் மண்ணுக்கு வேண்டியது அங்கேயே வாழும் நாட்டுப் புழுக்கள்தான்.

வெட்டினால் இரண்டாகும் என்பது சரியில்லை. வால் பக்கம் கொஞ்சம் போனால் தலைப்பகுதி பிழைத்து வாலை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். வால் துண்டு செத்துவிடும். ஒவ்வொரு புழுவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டுமே உண்டு. ஆனாலும் பெரும்பாலும் இரண்டு புழுக்கள் இணைந்துதான் முட்டைக்கூடு வைக்கும்.

ஈரக் கையில் ஒரு புழுவை எடுத்து, வயிற்றுப்புறத்தை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். வளையத்துக்கு வளையம் இருக்கும் நுண்முட்கள் அவை. அவற்றை ஊன்றித்தான் வளையங்களைச் சுருக்கி நீட்டி மண்ணுக்குள் நகர்கிறது. அப்படி நகரும்போது உண்டாகும் வளைகள் (துளைகள்) வழியே மழைநீர் இறங்குகிறது, காற்றும் வேரும் போகின்றன. வெளியே தள்ளும் எச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்ளும் நிலையில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்) சத்துகள் சுற்று மண்ணைவிட அதிகம்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. அதனால் வறட்சி மட்டுமல்ல, மண்ணில் சேரும் நஞ்சும் நேராகத் தாக்கும். தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லியை வருடக்கணக்கில் அடித்தால் தாமிரம் மண்ணில் தங்கிப் புழுக்களைக் குறைக்கும். ரோட்டவேட்டர் (மண்ணைத் தூளாக்கும் சுழல் கலப்பை) அடிக்கடி ஓட்டுவதும் அப்படித்தான். வளைகளும் போகும், புழுவும் துண்டாகும். அறுவடைக்குப் பின் மிஞ்சும் பயிர்த் தாளை எரிக்காமல் நிலத்திலேயே பரப்புங்கள், தொழுவுரம் போடுங்கள், உழவைக் குறையுங்கள். நாட்டுப் புழு தானாக வரும்.

வந்ததா என்று பார்க்க, மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்து எண்ணுங்கள். 10 புழுக்களுக்கு மேல் இருந்தால் நல்ல நிலம். கோடையில் எண்ணாதீர்கள், அப்போது ஆழத்தில் சுருண்டு கிடக்கும், கையில் சிக்காது.