இருபது த்ரெட் கேட்டால் நான்கு மட்டும் ஏன்?

கேள்வி: உறவினர் ஒருவரின் பலகாரக் கடைக்கு ஜாவாவில் ஆர்டர் மென்பொருள் எழுதித் தந்திருக்கிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை த்ரெட் பூலிடம் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் ‘த்ரெட்’ என்ற இழைகளின் தொகுப்பு) ஒப்படைத்து, அடிப்படை நான்கு த்ரெட், அதிகபட்சம் இருபது என்று கொடுத்தேன். தீபாவளி நெருக்கத்தில் செய்திகள் அரை மணி நேரம் தாமதமாகப் போயின. நான்குக்கு மேல் த்ரெட் உருவாகவே இல்லை. நான்கும் ‘ரன்னபிள்’ (ஓடும் நிலை) என்றே காட்டின. ஆனால் சிபியூ சும்மா கிடந்தது. இது ஜாவாவின் பிழையா?
– எம்.சி.ஏ. மாணவர், காரைக்குடி

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

ஜாவாவின் மேல் பிழையில்லை. நீங்கள் அனுப்பிய நிரல் வரியில், கொள்ளளவு எதையும் குறிப்பிடாமல் ஒரு லிங்க்டு பிளாக்கிங் கியூவை (வேலைகள் காத்திருக்கும் வரிசையை) வைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் இருபதைச் செல்லாக்காசாக்கிவிட்டது.

2004இல் ஜாவா 5 வந்தபோது சேர்ந்த, பூலை நடத்தும் த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டர், ஒரு வேலை வந்து சேரும் நேரத்தில்தான் புதிய த்ரெட் வேண்டுமா என்று பெரும்பாலும் பார்க்கிறது. அடிப்படை எண்ணிக்கை நிறையாதவரை, ஏற்கெனவே உள்ள த்ரெட் வேலையின்றி இருந்தாலும்கூட, புதிதாக ஒன்றை உருவாக்கும். அது நிறைந்த பின் வரும் வேலைகளைக் கியூவில் நிறுத்தும். கியூ இடமில்லை என்று மறுத்தால் மட்டுமே அதிகபட்ச எண்ணிக்கையை நோக்கி நகரும். கல்யாண வீட்டில் பந்தி நிறைந்ததும் விருந்தினரை வளவில் உட்கார வைத்து, வளவும் நிறைந்த பிறகே பரிமாறக் கூடுதல் ஆட்களை அழைப்பது என்று வீட்டார் முடிவு செய்தால், வளவு முடிவில்லாமல் நீளும் வீட்டுக்கு அந்த ஆட்கள் வரப்போவதே இல்லை. கொள்ளளவு சொல்லாத உங்கள் கியூவின் எல்லை 214 கோடிக்கும் மேல். செட்டிநாட்டுப் பலகாரம் எவ்வளவு விற்றாலும் அது நிறையாது.

கியூவுக்கு நூறு என்று வரம்பு வையுங்கள். எந்த வேலையும் முடியாத நிலையில் வேலைகள் குவிகின்றன என்று கொண்டால், முதல் நான்கு உடனே ஓடும், 104 வரை காத்திருக்கும், 105ஆவது வேலை வரும்போது ஐந்தாவது த்ரெட் பிறக்கும். அந்தப் புதிய த்ரெட் முதலில் எடுத்துக்கொள்வது காத்திருக்கும் ஐந்தாவது வேலையை அன்று, தன்னைப் பிறப்பித்த 105ஆவது வேலையைத்தான். பிந்தி வந்த வாடிக்கையாளருக்கு முந்திச் செய்தி போவதைக் கண்டு கடையில் யாராவது கேட்டால் காரணம் இதுதான் என்று சொல்லிவிடலாம். வரிசை பிசகக் கூடாத வேலைக்கு இந்த ஏற்பாடு ஆகாது. 121ஆவது வேலை ஏற்கப்படாது, நீங்கள் வேறு ஏதும் சொல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழும். அதற்குப் பதிலாகக் ‘காலர் ரன்ஸ்’ கொள்கையைத் தந்தால், வேலையை ஒப்படைத்த த்ரெட்டே அதைச் செய்ய வேண்டியதாகி, ஆர்டர் உள்ளே வரும் வேகம் தானாகக் குறையும். கடைக்கு எனக்கு உகந்ததாகப் படுவது இதுவே.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாமென்றால், அடிப்படை, அதிகபட்சம் இரண்டையும் இருபதாக வைத்து, அடிப்படை த்ரெட்டுகளும் சும்மா இருந்தால் கலைய அனுமதி கொடுத்துவிடலாம். இப்போதும் கியூவுக்கு ஒரு வரம்பு இருக்கட்டும். இல்லையென்றால் தாமதம் உங்கள் கண்ணில் படாமல் நினைவகத்தில் குவியும்.

சிபியூ சும்மா கிடப்பதும், த்ரெட்டுகளின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கருவியில் ‘பூல்-1-த்ரெட்-1’ முதல் நான்கு வரை ‘ரன்னபிள்’ என்று தெரிவதும் முரண்பாடில்லை. குறுஞ்செய்தி நிறுவனத்தின் பதிலுக்காக சாக்கெட்டில் (வலை இணைப்பின் முனையில்) காத்துக்கிடக்கும் த்ரெட், இயங்குதளத்தின் பார்வையில் தூங்குகிறது. ஜாவாவோ அதனை ஓடுவதாகவே எழுதுகிறது. அந்தக் கருவி காட்டும் ஸ்டாக்கின் (அழைப்புப் பட்டியலின்) மேல் வரிகளில் சாக்கெட் வாசிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், உங்கள் வேலை கணக்கிடுவதன்று, காத்திருப்பது. அதற்கு சிபியூ கோர்களின் எண்ணிக்கையைவிட அதிக த்ரெட் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு செய்தியும் டேட்டாபேஸையும் தொடுமானால், டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் ஹிக்காரி தன் இயல்பில் பத்து இணைப்புகளே தரும் என்பதால், இருபது த்ரெட்டில் பாதி அங்கே போய் வரிசையில் நிற்கும். அதோடு, அந்த நிறுவனத்தை அழைக்கும் இடத்தில் டைம்-அவுட் (காத்திருப்புக்கு நேர வரம்பு) வைத்திருக்கிறீர்களா? வைக்காவிட்டால், அங்கிருந்து பதில் வராத ஒரு நாளில் இருபதும் சிக்கிக்கொள்ளும்.

கடையை மூடும்போது புரோகிராம் நிற்க மறுக்கிறது என்றும் பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். பூலின் த்ரெட்டுகள் இயல்பில் டீமன் (புரோகிராம் முடிவதைத் தடுக்காத பின்னணி த்ரெட்) வகையல்ல. அவை உயிரோடு இருக்கும்வரை ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் முடியாது. ‘ஷட்டவுன்’ அழைத்து, மிச்ச வேலைகள் முடியச் சற்று நேரம் காத்திருங்கள்.

ஜாவா 21க்கு மாறினால் மிக இலகுவான விர்ச்சுவல் த்ரெட்டுகளை வேலைக்கு ஒன்றாக உருவாக்கிக்கொள்ளலாம், அவற்றுக்குப் பூல் தேவையில்லை. அப்போதும் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகளைக் குறுஞ்செய்தி நிறுவனம் ஏற்கும் என்று கேட்டறிந்து, அந்த அளவை ஒரு செமஃபோரில் (ஒரே நேரத்தில் இத்தனைதான் என்று கட்டுப்படுத்தும் எண்ணியில்) வைத்துக்கொள்ளுங்கள்.