வாத்துக்கு எது தாயகம்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அய்யா,

லடாக்கில் சோ மோரிரி ஏரிப் பக்கம் சாலை வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் நாங்குநேரி அருகே. ஏப்ரல் கடைசி, ஏரியில் பாதி இன்னும் பனிக்கட்டிதான். உருகிய ஓரத்தில் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கின, கூடவே ஜோடி ஜோடியாகச் சக்கரவாகங்கள். மாதக்கணக்கில் அந்நிய மண்ணில் கிடந்துவிட்டுத் தாயகம் திரும்பியவற்றைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் கூட்டத்தை எழுப்பி ஒரு வீடியோ எடுத்தேன், இணைத்திருக்கிறேன். பைனாகுலர் வாங்க வேண்டும், எட்டு மடங்கு நல்லதா, பத்தா? சக்கரவாகம் மழைநீரை மட்டும்தான் குடிக்குமாமே, உண்மையா? என் பாட்டி பர்மாவில் பெகுவில் பிறந்து 1964இல் கப்பலில் வந்தவர். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள தம்பி,

பெகு என்று எழுதியிருந்தீர்கள். இப்போது பகோ என்றுதான் பலகையில் இருக்கிறது. பெகு என்று சொல்லும் வாய்கள் எங்கள் தெருவில் நாலோ ஐந்தோதான் மிச்சம், அதில் ஒன்று என்னுடையது.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. அந்த வாத்து இமயமலையைத் தாண்டி வந்திருக்கிறது. 7,000 மீட்டருக்கு மேல்கூடப் பறந்ததைக் கருவி கட்டிப் பதிந்திருக்கிறார்கள். அதுவும் ஒரே உயரத்தில் சொகுசாகப் பறப்பதில்லை, மலை ஏறினால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, மறுபடி ஏறி வருகிறது. வந்த களைப்பு தீர மேய்ந்து தேறினால்தான் கூடும் முட்டையும். அதைப் போய் ஓட ஓட விரட்டி எழுப்பியிருக்கிறீர்கள், அரை நிமிடப் படத்துக்காக. உங்கள் வீட்டுக்குப் பேருந்தில் இரவெல்லாம் நின்றுகொண்டே வந்து சேர்ந்த அக்காவை வாசலில் வைத்தே நாய் விட்டுத் துரத்துவீர்களா?

சரி. மழைநீர் விஷயம் சினிமாப் பாட்டு கெடுத்தது. மழைத்துளிக்குக் காத்திருப்பதாகக் கவிகள் சொன்னது சாதகப் பறவை, நிலவொளியை உண்பது சகோரம். சக்கரவாகம் பகலெல்லாம் இணையோடு இருந்து இரவில் பிரிந்து ஏங்குவது. இதைத்தான் பர்மியர் ஹிந்தா என்கிறார்கள். எங்கள் ஊரின் சின்னமே அதுதான். கடல் நடுவே ஒரு ஜோடி நிற்கும் அளவுக்குக்கூட இடமில்லாத திட்டு, ஆண் பறவையின் முதுகில் பெண் பறவை ஏறி நின்றதாம், அங்கே எழுந்த ஊராம். அதை வைத்துப் பெகு ஆண்கள் பெண்டாட்டிக்கு அடங்கியவர்கள் என்று நாடு முழுக்கக் கேலி. என் விஷயத்தில் உண்மைதான், அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ‘தாயகம் திரும்பிய’ என்று எழுதினீர்களே, அதைப் பற்றி. இந்த மார்ச்சில் எங்கள் ஊர்ப் பக்கத்து மொயுன்ஜி ஏரிக் கரையில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் 1878இல் கட்டிய நீர்த்தேக்கம் அது, இப்போது சரணாலயம். அக்டோபரில் வந்த நீலச்சிறகி வாத்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன. சாயங்காலம் தாமரை இலைகளுக்கு நடுவே தலையை ஆட்டி ஆட்டி ஒரு சலசலப்பு, அப்புறம் ஒரு கொத்து எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், பாதி திரும்ப இறங்கிவிடும். மறுநாள் போனால் அந்த இடத்தில் வெறும் தண்ணீர். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊர் தயாராகும்போது ஏரியில் ஆள் இருக்காது. நீங்கள் அங்கே ‘வந்துவிட்டன’ என்று எழுதுகிற அதே வாரங்களில் நாங்கள் இங்கே ‘போய்விட்டன’ என்கிறோம். இதில் யார் வீட்டுக்காரன், யார் விருந்தாளி?

பட்டைத்தலை வாத்து எங்கள் ஐராவதி மணல்திட்டுகளுக்கும் வரும், உங்கள் கூந்தன்குளத்துக்கும் வரும். நாங்குநேரிக்காரர் கூந்தன்குளத்தை அந்நிய மண் என்று எழுதலாமா தம்பி? பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஜனம் அது. பிறந்த இடம்தான் தாயகம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சரி, அப்படியே வைத்துக்கொண்டால் உங்கள் பாட்டிக்கு எது தாயகம்?

என் சின்ன அத்தையும் பெகுவில்தான் பிறந்தாள், இங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள். ராமநாதபுரத்தில் எங்கள் கிராமம் எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாமாவுக்கு இருந்தது ஒரு சின்ன அரிசிக் கடை. எனக்கு எட்டு வயது. இந்தியாவுக்குக் கப்பலேறும்போது துறைமுகத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று தோட்டைக் கழற்றிப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டாள் அத்தை. இரண்டு ஈர்க்கும் ஒரே நீளமில்லை. அதைப் பார்த்து நான் சிரித்தேன், யாரும் என்னை அடிக்கவில்லை. அவளுக்கு அங்கே கொடுத்த காகிதத்தில் இருந்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. வாழ்க்கையில் முதல்முறை போகிற ஊருக்குத் திரும்புவதாம்!

மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊர் இருக்கிறது. அப்படித் ‘திரும்பிய’ தமிழர்களில் சிலர் தமிழ்நாட்டில் தாக்குப்பிடிக்காமல், தரைவழியாகப் பர்மாவுக்கே மறுபடி கிளம்பி வந்தார்கள். இந்தப் பக்கம் விடவில்லை. நின்ற இடமான மோரேயிலேயே ஊரும் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். அவர்களை எதற்குத் திரும்பியவர்கள் என்பீர்கள்?

அத்தை திருச்சியிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். நலம் விசாரிப்பு ஒரு வரி, மீதியெல்லாம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு, தாமரைத் தண்டு என்ன விலை, கரையில் வாத்து இறங்கியதா என்றுதான். நான் பெரும்பாலும் பதில் போடவில்லை. பள்ளிக்கூடப் பையனுக்குத் தாமரைத் தண்டு விலையில் என்ன அக்கறை?

உங்கள் பாட்டி இருக்கிறாரா? எழுதவே இல்லையே. இருந்தால் மொயுன்ஜி தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், பெகுவிலிருந்து மாண்டலே போகும் சாலையில் வலப்பக்கம்.

பைனாகுலர் கேட்டிருந்தீர்கள் அல்லவா, 8x42 வாங்குங்கள். பத்து மடங்கைக் கையில் பிடித்தால் அந்த ஏரிக் காற்றில் கை ஆடி, வாத்தின் தலையில் இருக்கிற இரண்டு கோடும் நாலாகத் தெரியும். வாங்கியதும் தூரமாக உட்கார்ந்து பாருங்கள்.