பூல் கியூவின் இணைப்பு ஏன் ஆடுகிறது? எப்படிச் சரிசெய்வது?

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ. இரண்டு துண்டாகக் கழற்றும் கியூவில், பொதுவாக அடிப்பாகத்தில் ஒரு உலோகத் திருகு நீட்டிக்கொண்டிருக்கும். மேல்தண்டு அதில் திருகி ஏறும். இந்தச் சந்திப்புதான் இணைப்பு.

திருகைப் பெரும்பாலும் எப்பாக்சி பசைதான் மரத்துக்குள் பிடித்து வைத்திருக்கும். அடி வாங்கினாலோ, கீழே விழுந்தாலோ பசை விட்டுவிடும். சூட்டிலும் இளகும், பினாங்கு வெயிலில் காரின் பின்பெட்டியில் கியூவைப் போட்டு வைப்பவர்கள் கவனிக்கவும். பாராங் கத்தியின் அலகு பிடிக்குள் ஆடுவது போலத்தான்: இரும்பு நன்றாகவே இருக்கும், பிடிமானம் போயிருக்கும்.

முதலில் மேல்தண்டைக் கழற்றிவிட்டுத் திருகை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் கோளாறு அங்கே. ஆடாவிட்டால் மேல்தண்டின் துளையைப் பாருங்கள். உள்ளே பித்தளை உறை இருந்தால் அது கழன்றிருக்கலாம், மரத்திலேயே வெட்டிய புரி (திருகு ஏறும் வரி) என்றால் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த புரி கடைசல் வேலை, கியூ பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

திருகு கையோடு வந்தால் பழைய பசையைச் சுரண்டி, மெதுவாக இறுகும் எப்பாக்சியைத் தடவிப் பொருத்துங்கள். வெளியே நிற்கும் புரியில் முன்கூட்டியே மெழுகு பூசவும், இல்லையென்றால் மேல்தண்டும் ஒட்டிக்கொள்ளும். பசை இறுகுமுன் இரண்டையும் மாட்டி மேசையில் உருட்டி நேராக இருக்கிறதா பாருங்கள். 24 மணி நேரம் தொட வேண்டாம்.

இன்னும் பலமாகத் திருகினால் ஆட்டம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பசை விட்ட இணைப்பில் அது மரத்தைத்தான் பிளக்கும்.