கராத்தே வகுப்பில் குழப்படி: விட்டுப் பிடிப்பது எப்படி?

கேள்வி: கோண்டாவிலில் எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் பின்னேரங்களில் கராத்தே பழக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆறு முதல் பத்து வயது வரையான இருபது பிள்ளைகள் வருகிறார்கள். விளையாட விட்டால் "இதுக்கோ காசு கட்டுறம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கண்டிப்பாக நின்றால் அடுத்த கிழமை நாலு பேர் குறைகிறார்கள். குழப்படிக்குத் தோப்புக்கரணம், தண்டால் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, விளையாட்டு கூடினால் ஒழுங்கு குறையும் என்ற கணக்கில் இருந்து கேட்கிறீர்கள். அந்தக் கணக்கை முதலில் விடுங்கள். கிளித்தட்டில் மறிக்கிறவன் கோட்டை விட்டு வந்து தொட்டால், "செல்லாது" என்று முதலில் கத்துவது பிள்ளைகள்தான். விதியை இவ்வளவு கறாராகக் காக்கிறவர்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று எப்படிச் சொல்வது? உங்கள் பாடத்தையும் அப்படியொரு ஆட்டத்துக்குள் வைத்துவிடுங்கள்.

அந்தக் கிளித்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத் தரையில் சோக்கால் கோடு கீறி, மறிப்பவர்களைக் கிபா டாச்சியில், அதாவது குதிரையில் இருப்பதுபோல் கால் அகட்டி முழங்கால் மடித்த நிலையில், நிறுத்துங்கள். பக்கவாட்டாக மட்டும் நகரலாம். முழங்கால் நிமிர்ந்த நேரத்தில் தொட்டால் அது செல்லாது. வரிசையில் நிறுத்தி "இரு, இன்னும் பதிந்து இரு" என்று சொன்னால் அரை நிமிடத்தில் முனகத் தொடங்கும் பிள்ளை, இந்த ஆட்டத்தில் ஐந்து நிமிடம் தொடை நடுங்க நிற்கும். கடக்க வருகிற பிள்ளையோ எதிராளியின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கண்ணால் அளக்கப் பழகுகிறது. பின்னாளில் எதிராளியோடு மோதும் குமித்தேயில் நீங்கள் சொல்லிக்கொடுக்கப் பாடுபடும் இடைவெளி இதுதான்.

இன்னொன்று: முன்கால் மடித்து நிற்கும் ஸென்குட்சுவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்குதி எழும்பிவிடும். நூறு தரம் சொன்னாலும் எழும்பும். பழைய கொப்பி மட்டை ஒன்றைக் குதிக்குக் கீழே வையுங்கள். பிள்ளை குத்தும்போது சோடிப் பிள்ளை மட்டையை மெல்ல இழுத்துப் பார்க்கட்டும். மட்டை வந்துவிட்டால் இடம் மாற வேண்டும். நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை.

இரண்டு விடயத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வணக்கம். மற்றது "யமே" (நிறுத்து) என்றதும் அசையாமல் நிற்பது. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே "யமே" சொல்லுங்கள். அசைந்தவருக்கு ஒரு முறை போய்விடும். நாளைக்குச் சோடிப் பயிற்சியில் ஒரு பிள்ளை விழுந்தால் மற்றப் பிள்ளையின் காலை நிறுத்தப் போவது அந்தச் சொல்தான். அதனால்தான் இதில் கடுமையாக இருக்கச் சொல்கிறேன்.

தண்டனையாகத் தண்டால், தோப்புக்கரணம் இரண்டுமே வேண்டாம். எந்தப் பயிற்சியைப் பிள்ளை விரும்ப வேண்டுமோ அதையே தண்டனையாக்கினால், தண்டால் என்றதும் முகம் சுருங்கும். சீமெந்துத் தரையில் பொத்திய கையின் விரல்முட்டிகளை ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பது அதைவிட மோசம். வளர்கிற எலும்பு அது. குழப்படி செய்த பிள்ளை ஒரு சுற்று ஓரமாக இருந்து பார்க்கட்டும். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பழைய கதை கதைக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழப்படியில் பாதி, காத்து நிற்பதால் வருவது. இருபது பேரை ஒரே வரிசையில் விட்டு ஒருவர் பின் ஒருவராக உதைக்க வைத்தால், பத்தொன்பது பேர் சும்மா நிற்பார்கள். சும்மா நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளாமல் வேறென்ன செய்யும்? ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மூத்த மாணவர் ஒருவரை ஒவ்வொரு குழுவுக்கும் விடுங்கள். பள்ளிக்கூடமும் ரியூசனும் முடித்து வருகிறார்கள், நாள் முழுக்க வாங்கில் இருந்த உடம்பு. வந்தவுடன் ஐந்து நிமிடம் ஓட விட்டுவிட்டு வரிசைக்குக் கூப்பிடுங்கள்.

பிள்ளைக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுவது கராத்தேக்குக் குறைச்சலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோன இத்தோசு அங்கோ, அதற்கென்றே பின்னான் என்ற ஐந்து கத்தாக்களை, அதாவது அசைவுகளை ஒரு ஒழுங்கில் தனியே செய்து பழகும் பாடங்களை, அமைத்தார். ஷோட்டோகான் என்ற கராத்தேப் பிரிவில் ஹெயான் என்று பழக்குவது அவற்றைத்தான்.

சரி, பெற்றோர். அவர்களோடு வாதாட வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் கடைசிப் பத்து நிமிடம் உள்ளே கூப்பிட்டு இருத்துங்கள். முதலில் கிளித்தட்டு, உடனே அதே பிள்ளைகளின் கிபா டாச்சி. எது எதற்காக என்று ஒரு வரியில் சொல்லுங்கள். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சொல்லலாம். எத்தனை வீடுகளில் அது கிடைக்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எப்படியும் வரவு குறையும். அதை உங்கள் குறையாக எடுக்காதீர்கள். "நிப்பாட்ட வேண்டாம், கிழமைக்கு ஒரு நாள் முதல் அரை மணித்தியாலம் மட்டும் அனுப்புங்கோ" என்று அந்தத் தாய் தகப்பனிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.